முட்டை போடாத கேக்

நம் கூட்டத்தில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால், கேக் துண்டைத் தட்டில் வைத்து நீட்டும்போது நான் வேண்டாம் என்று கையை ஆட்டுவேன். உடனே நீங்கள் எல்லாரும், "அவளுக்குச் சுகர், விடுங்கப்பா" என்பீர்கள். நானும் பேசாமல் தலையாட்டிவிடுவேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சுகர் கிடையாது. உங்களில் பாதிப் பேரைவிட என் ரத்தம் சுத்தம். அறுபதை எட்டப்போகிற வயதில் இந்தப் பொய் எதற்கு என்று கேட்பீர்கள். இதற்குப் பின்னால் இதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது, அதனால்தான். அது பத்து வயதில் சொன்னது.

நீங்கள் பலரும் சேலத்து வெயிலில் வளர்ந்தவர்கள். நான் வளர்ந்தது மலைமேல், தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் லைனில். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு இருக்கும், அதற்குத்தான் லைன் என்று பேர். அப்பா எஸ்டேட்டில் மேஸ்திரி. அம்மா காப்பிப் பழம் பறிக்கவும் களை வெட்டவும் போவாள். எனக்குக் கீழே ஒரு தம்பி. எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், அப்பாவின் தங்கை ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அடிவாரத்தில் குப்பனூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா அடிக்கிறவர். குடித்துவிட்டு அடிப்பார் என்றுகூடச் சொல்ல முடியாது, குடிக்காமலும் அடிப்பார். அத்தையின் முதுகில் இருந்த தழும்பைக் குளிக்கும்போது அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஒரு மாசம் இருந்துட்டுப் போகட்டும்" என்று அப்பாவிடம் சொன்னாள். அது பெரிய மனசுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாசி வந்தது, பங்குனி வந்தது, அத்தை போகவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அத்தை எஸ்டேட் பங்களாவில் குசினி வேலை பார்த்தவள். அங்கே கேக் செய்யப் பழகியிருந்தாள். பங்களாவில் இரும்பு அடுப்பு இருந்தது. எங்கள் வீட்டில் ஏது? அத்தை வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்து, பெரிய அலுமினியச் சட்டியில் ஓடை மணலைக் கொட்டி, மணல்மேல் கேக் தட்டை இறக்கி, மூடியைப் போட்டு, மூடிக்கு மேலேயும் தணலை அள்ளி வைப்பாள். மேலே நெருப்பு, கீழே நெருப்பு. காப்பிக் கட்டைத் தணல் நின்று எரியும், சீக்கிரம் சாம்பலாகாது. லைன் பொம்பளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். "ஏனம்மிணி, சட்டி தலையில எதுக்கு நெருப்பு? அதுக்கென்ன குளுருதா?" என்று கேலி செய்வார்கள். அத்தை முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

கேக்கில் போடுவது முள்ளுப்பழம். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சித்திரையில் வேலியோரம், ஓடையோரம், முள்புதர் முழுக்கக் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். முதலில் சிவப்பாக இருக்கும், அப்போது புளிக்கும். நன்றாகக் கறுத்து, தொட்டதும் கையோடு வந்தால்தான் பழம். பறிக்கிறது என் வேலை. கையெல்லாம் கீறல், பாவாடையெல்லாம் ஊதாக் கறை, அம்மாவிடம் திட்டு. பழத்தை உப்புத் தண்ணீரில் போட்டால் வெள்ளைப் புழு ஒவ்வொன்றாக மேலே வரும். அதை நான் எண்ணுவேன், அத்தை "எண்ணாதே சாமி, எண்ணுனா தின்ன மனசு வராது" என்பாள். பாதிப் பழத்தை மாவில் புரட்டிக் கலவையில் போடுவாள். மீதியை நாட்டுச்சர்க்கரையோடு கொதிக்கவைத்துக் கெட்டியாக்கி, வெந்த கேக் சூடாக இருக்கும்போதே மேலே ஊற்றுவாள். அப்போது வருகிற வாசனைக்கு லைன் நாய்கள் நாலும் வந்து வாசலில் உட்கார்ந்துவிடும்.

ஏற்காட்டில் ஏரிப் பக்கம் டீக்கடை வைத்திருந்த ஒருத்தர் இந்தக் கேக்கை வாங்கி விற்க ஒப்புக்கொண்டார். கோடை சீசன், சேலத்திலிருந்து பஸ்பஸ்ஸாகக் கூட்டம் வரும். அத்தை காலையில் சுட்டு, துணி போட்டு மூடிய கூடையோடு பஸ் ஏறிப் போவாள், மத்தியான பஸ்ஸில் காலிக் கூடையோடு வருவாள். சீசன் முழுக்க இப்படி விற்றால் கடைக்குப் பின்னால் இருக்கிற ரூமைத் தருவதாகவும், அங்கேயே தங்கி நிரந்தரமாகச் செய்யலாம் என்றும் டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அப்பா இதைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரி ஒரு முடிவு சொன்னார். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் அது ஆர்டர் மாதிரி இருக்கும். "மாரியம்மன் நோம்பி முடிஞ்சதும் உன்ர மாமியா ஊட்டுக்காரங்க கூட்டிட்டுப் போக வர்றாங்க. அதுக்குள்ள டீக்கடைக்காரர் ரூம் தர்றேன்னு உறுதியாச் சொல்லிட்டா, நீ போக வேண்டாம். நானே பேசி அனுப்பிடறேன். இல்லீன்னா போயித்தான் ஆகணும். எத்தன நாளைக்கு ஒருத்திய ஊட்ல வச்சுக்க முடியும்?"

"சரிங்கண்ணா" என்றாள் அத்தை.

குப்பனூருக்குத் திரும்பிப் போவதா, போகாமல் பிழைப்பதா என்பதெல்லாம் அந்தக் கேக்கில் இருந்தது. பத்து வயதில் எனக்கு அது தெரியாது என்று உங்களிடம் சாக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் தெரியும். நானும் அந்த அறையில்தானே படுத்திருந்தேன்.

எங்கள் எஸ்டேட் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு நடந்தது. பூச்சாட்டு என்றால் நோம்பி, அதாவது திருவிழா, தொடங்கிவிட்டது என்று கோயிலில் பூப் போட்டு அறிவிப்பது. அன்றிலிருந்து பதினைந்து நாள் லைனில் கவுச்சி கூடாது. கறி, கருவாடு, முட்டை எதையும் தொடக்கூடாது. அடுத்த ஊரில் ராத் தங்கக்கூடாது. சுத்தம் கெட்டால் ஆத்தா அம்மையாக வந்து இறங்குவாள் என்பது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. அப்போது அதைச் சந்தேகப்பட்ட ஆள் ஒருத்தரும் இல்லை, நானும் இல்லை.

முட்டை இல்லாமல் கேக் எப்படி? அத்தை இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். முதல் தட்டு கல்லாக வந்தது, தம்பி அதை வைத்து மாங்காய் அடித்தான். இரண்டாவது நடுவில் குழிந்து களியாக நின்றது. மூன்றாம் முறை தயிரும் ஆப்பச்சோடாவும் போட்டு, சூட்டைக் குறைத்து, பொறுமையாக வேகவிட்டாள். வந்ததே பாருங்கள், முட்டை போட்டதைவிட மெத்தென்று வந்தது. அத்தை குழந்தை மாதிரிக் கை தட்டினாள்.

ஆனால் லைனில் முணுமுணுப்பு. பூச்சாட்டின நேரத்தில் ஒருத்தி தினமும் கேக் சுடுகிறாள், முட்டை போடவில்லை என்கிறாள், யார் கண்டது? அத்தை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு தட்டு அதிகமாகச் சுட்டு, பத்து வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு கொடுத்தாள். "முட்டை இல்லீங்க, தயிருதானுங்க. நீங்களே தின்னு பாருங்க" என்று ஒவ்வொரு வாசலாகப் போனாள். தின்றார்கள். கோயில் பூசாரிகூடத் தின்றார். "நொம்ப நல்லாருக்குதம்மிணி" என்று விரலைச் சப்பினார்.

எனக்கும் ஒரு துண்டுதான். பழம் பறித்தவள் நான், புழுப் பொறுக்கியவள் நான், லைன் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே அளவுதான் எனக்கும். தட்டில் ஒட்டியிருந்த முறுகலைச் சுரண்டித் தம்பி கையில் கொடுத்துவிட்டு அத்தை பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். தம்பி வெளியே ஓடிவிட்டான். அம்மா கோழியை அடை வைக்கச் சேர்த்திருந்த முட்டை, உமிக் கூடையில் ஒன்பது இருந்தது.

கோபமா, ஐந்தாறு நாளாகக் கவுச்சி காணாத நாக்கா, எது என்னைப் பிடித்துத் தள்ளியது என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்று முட்டையை எடுத்தேன். அத்தையின் அடுப்பில் தணல் இன்னும் சிவந்துதான் கிடந்தது. சாம்பலைக் குழித்து உள்ளே வைத்து மூடினேன். ஒன்று டப்பென்று வெடித்துச் சாம்பலோடு சிதறியது, எனக்கு உயிரே போய்விட்டது. மற்ற இரண்டையும் ஊதி ஊதி உரித்து, உப்புகூட இல்லாமல், அடுப்புக்குப் பக்கத்திலேயே குந்தித் தின்றேன். அடடா, அந்த ருசி! மறைக்காமல் சொல்கிறேன், அதற்கப்புறம் எத்தனையோ முட்டை தின்றிருக்கிறேன், அந்த மாதிரி ஒன்று தின்றதில்லை. ஓட்டைச் சாம்பலுக்குள் தள்ளிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தம்பிக்குக் காய்ச்சல். புதன்கிழமை காலையில் நெஞ்சிலும் முதுகிலும் நீர் கோத்த கொப்புளம். மத்தியானத்துக்குள் லைனில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மா தாளிக்கிறதை நிறுத்தினாள். "ஆத்தா வந்துட்டா, யாரோ சுத்தம் கெட்டிருக்காங்க" என்று பூசாரி வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனார். யாரென்று எனக்குத் தெரியும். அடுத்தது எனக்குத்தான் என்று நினைத்து, நிமிஷத்துக்கு ஒரு தரம் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். தம்பி செத்துப்போனால் நான்தான் கொன்றவள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை பாத்திரம் தேய்க்கச் சாம்பல் அள்ளப் போன அம்மா, அத்தையின் அடுப்பிலிருந்து முட்டை ஓட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நேராக உமிக் கூடைக்குப் போனாள். ஆறுதான் இருந்தது.

அம்மா போட்ட சத்தத்தில் லைனே கூடிவிட்டது. பத்து வீடும் அந்தக் கேக்கைத் தின்றிருக்கிறதே! ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஒருத்தர் தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தார், போன வெள்ளிக்கிழமை தின்றதை இந்த வியாழக்கிழமை கக்கப் பார்த்தார். அப்பாவைத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டு வந்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான் மத்தியான பஸ் வந்தது. அத்தை காலிக் கூடையை ஆட்டிக்கொண்டு மேட்டில் ஓட்டமாக ஏறி வந்தாள். தூரத்திலிருந்தே, "அண்ணா, ரூம் தர்றேன்னுட்டாருங்க! நோம்பி முடிஞ்ச மறுநாளே வரச் சொல்லிட்டாருங்க!" என்று கத்தினாள். கூட்டத்தைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

பூசாரி கேட்டார். "ஏனம்மிணி, முட்டை போடலீன்னு சொல்லித்தானே குடுத்தே?"

"போடலீங்க. தயிருதானுங்க ஊத்துனேன்."

"அப்புறம் இந்த ஓடு உன்ர அடுப்புக்கு நடந்தா வந்துச்சு?" என்று அம்மா ஓட்டை அவள் காலடியில் போட்டாள்.

"எனக்குத் தெரியாதுங்கண்ணி. ஆத்தா மேல சத்தியமாத் தெரியாதுங்க."

யாரும் நம்புகிற முகமாக இல்லை. அத்தை சுற்றிலும் பார்த்தாள். கதவோரம் நின்ற என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிச்சியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வந்து என் முன்னால் குந்தி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, நீதானே அன்னைக்கு எங்கூடயே இருந்தே. நான் முட்டை போட்டனா? சொல்லு சாமி. நீ சொன்னா நம்புவாங்க."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் விளக்குமாறு இருந்தது.

"போட்டீங்க" என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே, "மூணு" என்றேன்.

கூடையில் குறைந்ததும் மூன்று. அதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? அத்தை என் கையை உடனே விடவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "சரிங்க" என்றாள். அப்பாவைப் பார்த்துச் சொன்னாளா, பூசாரியைப் பார்த்துச் சொன்னாளா, தெரியவில்லை.

நோம்பி நல்லபடியாக நடக்கவேண்டுமென்றால் அவள் எல்லையைத் தாண்டியாக வேண்டும் என்று பூசாரி சொன்னார். அப்பா மறுத்துப் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, தங்கையைக் குப்பனூர்ப் பாதையில் நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். பூச்சாட்டின ஊர்க்காரர் வெளியே தங்கக்கூடாது என்பதால், கொண்டுபோய் விட்ட கையோடு பொழுது சாய்வதற்குள் திரும்பியும் வந்துவிட்டார். டீக்கடைக்காரருக்குச் சேதி போனது. அவரும் சாமிக்குப் பயந்தவர்தான், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தம்பிக்குப் பத்து நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அவன் இப்போது ரிடையர் ஆகப்போகிறான், நன்றாக இருக்கிறான். எனக்கு அம்மை வரவே இல்லை. முட்டை தின்ற எனக்கு இன்றுவரை ஒரு கொப்புளம்கூடப் போடவில்லை. எனக்குப் பிள்ளை பிறந்து, பிள்ளைக்கு அம்மை போட்டபோது டாக்டர் சொன்னார், ஒருத்தரிடமிருந்து ஒட்டி, வெளியே தெரிய இரண்டு வாரம் போல ஆகும் என்று. நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். வெள்ளிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கிழமை நாலே நாள். கேக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பூச்சாட்டுக்கு முன்னாலேயே பக்கத்து எஸ்டேட்டில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்ததும், தம்பி அங்கே விளையாடப் போய் வந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெரியவர்கள் இத்தனை பேர் இருந்தார்களே, ஒருத்தருக்குமா அது தோன்றவில்லை?

இன்னொன்றும் பின்னால்தான் உறைத்தது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா தோட்டத்திலிருந்து வந்ததும் என் தாடையைப் பிடித்துத் தூக்கி, வாயோரத்தில் இருந்த கரியை முந்தானையால் துடைத்தாள். எங்கே பூசிக்கொண்டாய் என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவள் அம்மா. வியாழக்கிழமை அந்த ஓட்டைப் பார்த்தபோது அவளுக்கு அந்தக் கரி ஞாபகம் வந்திருக்காதா? வந்திருந்தால், நாத்தனார் போகட்டும் என்று இருந்துவிட்டாளா? அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் பாவத்தில் பாதியை அவள் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியும் இருக்கும். ஆனால் கையைப் பிடித்துக் கேட்டபோது வாயைத் திறந்தவள் நான்தான், அம்மா இல்லை.

என் கல்யாணத்துக்கு அத்தை வந்திருந்தாள். யார் பேசினாலும் தலையை வலது பக்கம் திருப்பிக் கேட்டாள். இடது காது போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். எப்படிப் போனது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மணமேடையில் என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, "நல்லாரு கண்ணு" என்றாள். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மணப்பெண் கூச்சம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

தொண்ணூறுகளில் மாமா இறந்தார். காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, இவரிடம்கூடச் சொல்லாமல், நான் மட்டும் சேலத்திலிருந்து பஸ் பிடித்துக் குப்பனூர் போனேன். அத்தை வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, சாக்கை உதறிப் போட்டாள். நான் உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டேன், தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன் என்று தெரியும். ஆனால் அவசரத்தில் இடது பக்கம் உட்கார்ந்துவிட்டேன். "என்ன கண்ணு? கேக்கல" என்றாள். இந்தப் பக்கம் வந்து, இருபது வருஷம் ஒருத்தரிடமும் சொல்லாததைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தரம் கத்திச் சொன்னேன். "அந்த முட்டையைத் தின்னது நானுங்க அத்தை!"

அத்தை புளியங்கொட்டையைத் தள்ளி வைத்தாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும் சாமி. நான் எடுக்கலீன்னா வேற ஆரு எடுப்பா? எதுக்கு நீ அப்படிச் சொன்னேன்னுதான் தெரியல. எம்மேல உனக்கு என்ன கோவம்னு நானும் எத்தனையோ நாளு நெனச்சுப் பாத்துட்டேன்."

"கோவம் இல்லீங்க. அடிக்குப் பயந்துதானுங்க."

"ஆரு அடிக்கு?"

"அம்மா அடிக்கு."

அத்தை இன்னொரு புளியை எடுத்து உடைத்தாள். அவள் திட்டவேண்டும், என் முடியைப் பிடித்து ஆட்டவேண்டும், இல்லாவிட்டால் போனது போகட்டும் என்றாவது சொல்லவேண்டும் என்று நான் காத்திருந்தேன்.

"எத்தன அடி அடிச்சிருப்பா உன்ர அம்மா?"

அம்மா கையை நினைத்துப் பார்த்தேன். அவள் விளக்குமாற்றை ஓங்குகிற வேகத்துக்கு அடி விழாது, சீக்கிரம் கை ஓய்ந்துவிடும்.

"நாலு அடி அடிச்சிருப்பாங்க."

புளி ஒட்டியிருந்த கையைத் தூக்கி, அத்தை நாலு விரலை நிமிர்த்தினாள். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாலுதானா கண்ணு?"